அத்தியாயம் 5: சொந்தக் காசில் முதல் காமிக்ஸ்

1984 மே மாதம், அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷைரில் இரண்டு இளைஞர்கள் வருமான வரியில் திரும்பி வந்த பணத்தோடு உறவினரிடம் வாங்கிய கடனையும் சேர்த்து, கறுப்பு வெள்ளையில் ஒரு காமிக்ஸ் அச்சடித்தார்கள். சுமார் 3000 பிரதிகள். கெவின் ஈஸ்ட்மேன், பீட்டர் லேர்ட் என்ற அந்த இருவரின் நிஞ்ஜா ஆமைகள் பிறகு தொலைக்காட்சிக்கும் சினிமாவுக்கும் போன கதை ஊரறிந்தது. சொந்த வெளியீட்டுக்கு ஆள் சேர்க்கிறவர்கள் இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

நான் சொல்ல விரும்புவது ஹார்வி பீக்கரின் கதை. கிளீவ்லாந்து நகரில், முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவமனையில் கோப்பு எடுத்துக்கொடுக்கும் குமாஸ்தா. வரைய வராது. 1976 முதல் தன் அன்றாட வாழ்க்கையையே கதையாக எழுதி, ராபர்ட் கிரம்ப் போன்ற நண்பர்களை வரையவைத்து, 'அமெரிக்கன் ஸ்ப்ளெண்டர்' என்ற காமிக்ஸை ஆண்டுக்கு ஒன்று என்ற அளவில் சொந்தச் செலவில் வெளியிட்டார். பெயர் வந்த பிறகும் வேலையை விடவில்லை. 2001-ல்தான் ஓய்வு பெற்றார். அச்சகத்துக்குக் கொடுத்த பணம் சம்பளத்திலிருந்து போனதால், ஓர் இதழ் தேங்கினாலும் அடுத்த இதழ் வந்தது.

இந்த அத்தியாயத்தின் இலக்கும் அதுதான்: இரண்டாவது இதழ் போட முடிகிற மாதிரி முதல் இதழைப் போடுவது. அளவு: உள்ளே 24 பக்கம் கறுப்பு வெள்ளை, வண்ண அட்டை, 300 பிரதி. வேலைக்குப் போய்க்கொண்டே செய்தால் எட்டு ஒன்பது மாதம் ஆகும்.

படி 1: கதையைச் சுருக்குங்கள்

புதிதாக வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் பத்துப் பாகக் காவியத்தின் முதல் பாகத்தோடு வருகிறார்கள். கடைசிப் பக்கத்தில் 'தொடரும்'. முன்பின் தெரியாத ஒருவரின் 'தொடரும்' என்பதற்கு வாசகர் காசு கொடுக்கமாட்டார். டேவ் சிம் என்ற கனடாக்காரர் 'செரிபஸ்' தொடரை 1977-ல் ஆரம்பித்து 2004-ல் 300-வது இதழோடு முடித்தது உண்மைதான். ஆனால் அவருடைய ஆரம்ப இதழ்களைப் பார்த்தால், வந்தான், சண்டை போட்டான், போனான் என்று முடிகிற சின்னக் கதைகள்தான்.

1. கதையை ஐந்து வரியில் எழுதுங்கள். ஐந்தாவது வரியில் கதை முடிய வேண்டும்.
2. இரண்டு இடங்கள், மூன்று பாத்திரங்கள். அதற்கு மேல் போனால் 24 பக்கம் தாங்காது.
3. ஒரு பக்கத்துக்கு ஒரு வரி வீதம் 24 வரி எழுதுங்கள். எந்த வரியில் ஒன்றும் நடக்கவில்லையோ அதை அடியுங்கள்.

கூட்டம், குதிரை, மிதிவண்டி. இந்த மூன்றும் வருகிற காட்சிகளை எண்ணிக்கொள்ளுங்கள். எழுதும்போது அரை நிமிடம், வரையும்போது மூன்று நாள்.

படி 2: டம்மி செய்யுங்கள்

மாதிரிப் புத்தகத்தை அச்சகத்தில் எல்லோரும் டம்மி என்றுதான் சொல்வார்கள். ஆறு ஏ4 தாள்களை ஒன்றாக வைத்து நடுவில் மடித்தால் 24 பக்கம். நடுவில் இரண்டு ஸ்டேப்ளர் பின். பக்க எண் போட்டுக்கொண்டு, குச்சி மனிதர்களாக முழுக் கதையையும் இதில் வரைந்துவிடுங்கள்.

டம்மி இல்லாமல் தெரியாத சங்கதி ஒன்று உண்டு. பக்கம் 1 வலப்புறம் நிற்கும். 2-ம் 3-ம் எதிரெதிரே. தாளைப் புரட்டியதும் கண் விழுவது இரட்டைப்படைப் பக்கத்தில். கதவைத் திறந்தால் உள்ளே யார் என்ற காட்சி 8-ம் பக்கத்தில் வந்தால் வாசகர் புரட்டிப் பார்த்துத் திடுக்கிடுவார். 9-ல் வந்தால், 8-ஐப் படிக்கும்போதே ஓரக்கண்ணில் பார்த்துவிடுவார். திகில் கதையில் இந்த ஒரு பக்கப் பிசகு கதையையே கொன்றுவிடும்.

டம்மியை, காமிக்ஸ் படிக்கும் பழக்கமே இல்லாத ஒருவரிடம் கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். வாயைத் திறக்காதீர்கள். அவர் எந்தப் பக்கத்துக்குத் திரும்பிப் போகிறாரோ அந்தப் பக்கம் சரியில்லை.

படி 3: முதலில் எழுத்து, பிறகு படம்

தமிழ்க் காமிக்ஸில் அதிகம் சறுக்குவது இங்கேதான். படத்தை முழுக்க வரைந்துவிட்டு, மிச்சம் இருக்கிற வெள்ளையில் பலூனைத் திணிப்பது வழக்கமாகிவிட்டது. மொழிபெயர்ப்புக் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களுக்கு அது பழகியும் போயிருக்கும். வெளிநாட்டு மொழிக்காக வரைந்த பலூனுக்குள் தமிழை நெருக்கி அடைப்பது அங்கே வேறு வழியில்லாததால். உங்கள் பலூனை நீங்கள்தான் வரையப்போகிறீர்கள். உங்களுக்கு அந்தத் தலைவிதி இல்லை.

தமிழ்ச் சொற்கள் நீளம். இகர ஈகாரக் குறி மேலே ஏறும், உகரச் சுழி கீழே இறங்கும். அதனால் வரிகளுக்கு நடுவே இடம் கூடுதலாக வேண்டும். இதை மனத்தில் வைத்து:

1. வசனத்தைப் பேச்சு வழக்கில் எழுதுங்கள். 'வந்துவிட்டானா' என்பதைவிட 'வந்துட்டானா' குட்டை; கேட்கவும் நன்றாக இருக்கும். எந்தப் பாத்திரம் எந்த ஊர்ப் பேச்சு என்பதை முன்பே முடிவு செய்யுங்கள். திருநெல்வேலிக்காரர் நாலாம் பக்கத்தில் கோயம்புத்தூர்க்காரராக மாறுவதை வாசகர் மன்னிக்கமாட்டார்.
2. ஒரு பலூனுக்குப் பன்னிரண்டு சொல் என்று எனக்கு நானே கட்டுப்பாடு வைத்திருக்கிறேன். மீறினால் இரண்டு பலூன்.
3. பென்சில் கோடு போட்ட கட்டத்தில் எழுத்தைத் தட்டச்சு செய்து வைத்துப் பாருங்கள். எழுத்து உட்கார்ந்த பிறகுதான் தலையும் கையும் எங்கே என்று தீர்மானிக்க வேண்டும்.
4. முதலில் பேசுகிறவர் இடப்பக்கம், அல்லது அவருடைய பலூன் மேலே.
5. வரிகள் நடுவில் அகலமாகவும் மேலும் கீழும் குறுகலாகவும் நிற்கட்டும். ஒரு சொல்லை இரண்டு வரியாக உடைக்க வேண்டி வந்தால் உடைக்காதீர்கள். வேறு சொல் தேடுங்கள்.
6. தமிழில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பேதம் கிடையாது. கத்துவதைத் தடித்த எழுத்தாலும் பலூனின் முள் விளிம்பாலும்தான் காட்ட முடியும். 'டமார்', 'சளக்', 'விருட்' போன்ற ஒலிகளை எழுத்துருவில் அடிக்காமல் கையால் வரையுங்கள்.

எழுத்துருவுக்கு வருவோம். யூனிகோடு எழுத்துருக்களையே பயன்படுத்துங்கள். கவிவனார், பாலூ தம்பி, கேடமரன் போன்றவை திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. விற்பனைக்கான புத்தகத்திலும் தடையில்லை. எங்கிருந்தோ பென்டிரைவில் வந்த எழுத்துருவின் உரிமம் யாருடையது என்று யாருக்கும் தெரியாது.

> எச்சரிக்கை: சில ஓவிய மென்பொருள்களுக்குத் தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாது. 'கொ' என்று அடித்தால் கொம்பு இடம் மாறி நிற்கும். மென்பொருளுக்குக் காசு கொடுக்கும் முன் 'கொக்கு, சௌக்கியம், ஸ்ரீ, தூண்' என்று நான்கு சொல்லை அடித்துப் பாருங்கள். என் முதல் புத்தகத்தில் நான் பார்க்கவில்லை. 300 பிரதியிலும் கொக்கு கால் மாறி நின்றது.

பிழை திருத்துவதை இன்னொருவரிடம் கொடுங்கள். எழுதியவர் கண்ணுக்குத் தன் பிழை தெரியாது. டேவ் சிம்மின் நாயகனுக்கு 'செரிபஸ்' என்ற பெயர் வந்ததே, 'செர்பரஸ்' என்ற கிரேக்கப் புராண நாயின் பெயரை யாரோ தப்பாக எழுதியதால்தான். அவருக்கு அது ராசியாகிவிட்டது. எல்லோருக்கும் ஆகாது.

படி 4: வரைதல், மை, ஸ்கேன்

அச்சில் வரும் அளவைப்போல ஒன்றரை மடங்கு பெரிதாக வரையுங்கள். சுருங்கும்போது கோடு இறுகி அழகாகும். அமெரிக்கக் காமிக்ஸ் ஓவியர்கள் 11-க்கு 17 அங்குல அட்டையில் வரைவது இதற்காகத்தான். ஆனால் மெல்லிய கோடுகள் சுருக்கத்தில் காணாமல் போகும். முதல் பக்கத்தை முடித்ததும் அச்சு அளவில் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பார்த்துவிட்டு மற்றதைத் தொடருங்கள்.

வெளிர் நீலப் பென்சிலில் வரைந்து மேலே கறுப்பு மை போட்டால், ஸ்கேன் செய்த பிறகு நீலத்தை எளிதாக நீக்கிவிடலாம். ரப்பர் போட்டு மை கலைகிற வேலை இல்லை. கோட்டோவியத்தை 600 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். அட்டையின் வண்ணப் படத்துக்கு 300 போதும். புள்ளி நிழல் போடுவதாக இருந்தால் கடைசி அளவில்தான் போட வேண்டும். போட்டபின் படத்தைச் சுருக்கினால் புடவை மடிப்புப்போல அலை அலையாகக் கோலம் விழும்.

ஒரே பக்கத்தை மூன்று வாரம் மெருகேற்றுகிறவர்கள் உண்டு. 24 பக்கத்தையும் ஒருமுறை முடித்துவிட்டு, நேரம் இருந்தால் மோசமான மூன்று பக்கங்களைத் திரும்ப வரையுங்கள்.

உடம்பையும் கோப்புகளையும் பற்றி மூன்று சொல்:

- முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து, மணிக்கட்டையும் தோளையும் தளர்த்துங்கள். விரல் மரத்துப்போவது, இரவில் கை குடைவது ஆகியவை சோம்பல் அல்ல. தைலம் தேய்த்துக்கொண்டு வரைந்துகொண்டே இருக்காமல் மருத்துவரிடம் போங்கள்.
- கட்டர் கத்தியை இரும்பு ஸ்கேலோடுதான் பயன்படுத்த வேண்டும். பிளாஸ்டிக் ஸ்கேலில் கத்தி ஏறி விரலுக்கு வரும்.
- கோப்புகளுக்கு மூன்று நகல்: கணினியில் ஒன்று, தனி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, வீட்டுக்கு வெளியே ஒன்று. ஹார்ட் டிஸ்க்கைக் கணினிப் பையிலேயே வைத்திருந்தால் இரண்டும் ஒரே பேருந்தில்தான் தொலையும்.

படி 5: நண்பரோடு எழுத்தில் ஒப்பந்தம்

1938-ல் ஜெர்ரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் சூப்பர்மேனின் முழு உரிமையையும் 130 டாலருக்குக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு வாழ்நாளெல்லாம் வழக்கு. சொந்தமாக வெளியிடுகிறவருக்கு இந்த ஆபத்து பெரிய நிறுவனத்திடமிருந்து வருவதில்லை. கூட உட்கார்ந்து டீ குடித்த நண்பரிடமிருந்துதான் வரும்.

நீங்கள் எழுத, இன்னொருவர் வரைகிறாரா? ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து ஆண்டுகள் என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஆகவே இவற்றை எழுதுங்கள்: பாத்திரங்கள் யாருக்குச் சொந்தம், முதல் செலவை யார் போடுகிறார், லாபம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் கதை யாரிடம் இருக்கும், அசல் ஓவியத் தாள்கள் யாரிடம் இருக்கும். கடைசி இரண்டை எழுதத்தான் கூச்சமாக இருக்கும். சண்டை வருவதும் அந்த இரண்டில்தான்.

பதிப்புரிமையைப் பதிவு செய்தால்தான் பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். படைத்ததுமே உரிமை உங்களுடையது. பதிவு சாட்சிக்கு உதவும், அவ்வளவே.

படி 6: ஐஎஸ்பிஎன்

புத்தகத்துக்கான இந்த எண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இணையத்தில் விண்ணப்பம் வாங்கி இலவசமாகத் தருகிறது. வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். எண் வரச் சில வாரம் ஆகலாம் என்பதால், அட்டை வடிவமைப்புக்கு முன்பே விண்ணப்பியுங்கள்.

பருவ இதழாக நடத்துவதற்கு 2023-ல் வந்த தனிச் சட்டமும் பதிவும் உண்டு. முதல் முயற்சியில் அந்தப் பக்கம் போகாமல், ஒவ்வொன்றையும் தனிப் புத்தகமாகவே போடுவது நல்லது.

படி 7: அச்சகம்

சிவகாசிக்கும் காமிக்ஸுக்கும் பழைய உறவு. 1972-ல் முத்து காமிக்ஸும் 1984-ல் லயன் காமிக்ஸும் அங்கிருந்துதான் வந்தன. ஆனால் 300 பிரதிக்கு நீங்கள் சிவகாசி போக வேண்டியதில்லை. ஆப்செட்டில் பிளேட் செலவு முதலிலேயே விழுந்துவிடும்; ஆயிரத்துக்கு மேல் போனால்தான் கட்டுப்படியாகும். 300-க்கு டிஜிட்டல் அச்சுதான் சரி. சென்னையில் திருவல்லிக்கேணியில் ஒரு நடை நடந்தாலே விலை விசாரித்துவிடலாம்.

1. மூன்று அச்சகத்தில் ஒரே விவரத்தைக் கொடுத்து விலை கேளுங்கள்: அளவு, உள்பக்கம் 24, உள்ளே 80 ஜிஎஸ்எம் மேப்லித்தோ, அட்டை ஆர்ட் போர்டு, லேமினேஷன், சென்டர் பின். எதையாவது சொல்லாமல் விட்டால் அது கடைசியில் தனி பில்லாக வரும்.
2. பின் அடிக்கிற புத்தகத்துக்கு உள்பக்கங்கள் நான்கால் வகுபட வேண்டும். 26 பக்கம் என்று போய் நின்றால் இரண்டு பக்கம் வெள்ளையாகச் சேர்ப்பார்கள்.
3. படம் விளிம்பு வரை போகிற பக்கங்களில் நான்கு புறமும் 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள். பலூன்களை வெட்டுக் கோட்டிலிருந்து குறைந்தது 8 மில்லிமீட்டர் உள்ளே தள்ளுங்கள். கட்டிங் மெஷின் ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு நூல் நகரும்.
4. உள்பக்கக் கறுப்பு ஒரே மையாக இருக்க வேண்டும். நான்கு வண்ணம் கலந்த கறுப்பாகப் போனால் எழுத்தைச் சுற்றி நிழல் அடிக்கும், செலவும் ஏறும்.
5. எழுத்துகளைக் கர்வ் செய்து, அதாவது கோட்டு வடிவமாக மாற்றி, பிடிஎஃப் கொடுங்கள். கர்வ் செய்தபின் முதலிலிருந்து ஒருமுறை படியுங்கள். 'படித்தாயிற்றே' என்று தோன்றும். படியுங்கள்.
6. இரண்டே இரண்டு பிரதியை அச்சடித்து, பின் அடித்து, வெட்டிக் கேளுங்கள். திரையில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள். அந்தப் பிரதிகளில் கையெழுத்தும் தேதியும் போட்டு அச்சகத்தில் ஒன்று, உங்களிடம் ஒன்று.

> எச்சரிக்கை: முழுப் பணத்தையும் முன்பணமாகக் கொடுக்காதீர்கள். பாதி முன்னால், மீதி கட்டைப் பிரித்துப் பார்த்த பிறகு. ஒரு முறை நான் மேலிருந்த நான்கு பிரதியை மட்டும் பார்த்துப் பணம் கொடுத்தேன். நடுக்கட்டில் 40 பிரதிகளில் பக்கம் 9 தலைகீழ். இப்போது கட்டுக்கு இரண்டு பிரதி உருவிப் பார்க்காமல் நகர்வதில்லை.

அச்சானதும், 1954-ம் ஆண்டுச் சட்டப்படி முப்பது நாளுக்குள் நான்கு நூலகங்களுக்குப் பிரதி அனுப்ப வேண்டும்: கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி. சின்ன வெளியீட்டாளர்கள் பலர் இதைச் செய்வதில்லை. செய்யுங்கள், உங்கள் வீட்டுப் பரண் இடிந்தாலும் கன்னிமாராவில் ஒன்று இருக்கும்.

படி 8: விலை

நான் வைக்கும் எண்கள் கணக்குக் காட்டுவதற்கு மட்டும். உங்கள் அச்சகத்தின் எண்ணைப் போட்டுக்கொள்ளுங்கள்.

பிரதிக்கு 55 ரூபாய் வீதம் 300 பிரதிக்கு 16,500. நூலகம், மதிப்புரை, நண்பர்கள் என்று 20 போனால் விற்க 280. கடைக்காரர் 40 சதவீதம் கழிவு கேட்கிறார் என்று வையுங்கள்.

விலை 100 என்றால் கடையிலிருந்து உங்களுக்கு 60. போட்ட பணம் திரும்ப 275 பிரதி விற்க வேண்டும். மிச்சம் ஐந்து பிரதி, முந்நூறு ரூபாய். எட்டு மாத உழைப்புக்கு.

விலை 150 என்றால் கடையில் 90 கிடைக்கும். 184 பிரதியில் முதல் திரும்பும். நேரடியாக விற்று, உறைக்குப் பத்து ரூபாய் போனாலும் 140 நிற்கும். 118 பிரதியே போதும்.

'முதல் புத்தகம்தானே, குறைவாக வைப்போம்' என்ற அடக்கம் இரண்டாவது இதழைத்தான் சாப்பிடும். 100 ரூபாய்க்கு வாங்குகிற ஆள் 150-க்கும் வாங்குவார். வாங்காதவர் 50-க்கும் வாங்கமாட்டார்.

படி 9: விற்பனை

தமிழ்க் காமிக்ஸ் வாசகர்களுக்குச் சந்தா, முன்பதிவு ஆகியவை பழகிய சொற்கள். அச்சுக்குப் போவதற்கு ஒரு மாதம் முன்பு, ஐந்து பக்கத்தை மட்டும் வெளியில் காட்டி முன்பதிவு வாங்குங்கள். அட்டையும் 24 பக்கமும் முடிந்து கையில் இருந்தால்தான். வரையாத புத்தகத்துக்கு வாங்கும் பணம் கடன். அதுவும் முகம் தெரியாத ஐம்பது பேரிடம் வாங்கிய கடன்.

பணம் பெற நீங்கள் யுபிஐ பின் எண்ணைப் போட வேண்டியதே இல்லை. 'ஐம்பது பிரதி வேண்டும், இந்தக் கோரிக்கையை ஏற்றுக்கொள்ளுங்கள்' என்று வந்தால் அது ஏமாற்று.

அஞ்சலில் அனுப்பும்போது புத்தகத்தைப் பாலித்தீன் உறையில் போட்டு, இரண்டு பக்கமும் அட்டை வைத்துக் கட்டுங்கள். பதிவுப் புத்தக அஞ்சல் 2024 டிசம்பரில் நிறுத்தப்பட்டுவிட்டது. பழைய கட்டணத்தை நினைத்துக்கொண்டு 'தபால் செலவு இலவசம்' என்று அறிவித்துவிடாதீர்கள். எடை போட்டு, இன்றைய கட்டணம் கேட்ட பிறகு அறிவியுங்கள்.

கடைகளில் ஒரு கடைக்குப் பத்துப் பிரதிக்கு மேல் வைக்காதீர்கள். இரட்டைப் பிரதி ரசீது, கடைக்காரர் கையெழுத்து, மூன்று மாதத்தில் கணக்கு. புத்தகக் காட்சியில் தனி அரங்கு எடுக்கும் ஆசையை இரண்டு மூன்று தலைப்பு சேரும்வரை தள்ளிவைத்து, தெரிந்த பதிப்பாளரின் அரங்கில் ஒரு மூலை கேளுங்கள். அங்கே நாற்காலியில் உட்கார்ந்து போனைப் பார்க்காமல், நின்றுகொண்டு வரையுங்கள். கூட்டம் அங்கேதான் நிற்கும்.

ஒன்று கவனியுங்கள். இந்தப் படியில் இருக்கிற வேலை எதுவும் ஓவிய வேலை அல்ல. ஜெஃப் ஸ்மித் 1991-ல் 'போன்' தொடரைத் தொடங்கியபோது முதலில் எல்லாவற்றையும் தானே பார்த்தார். பிறகு அவருடைய மனைவி விஜயா ஐயர் தன் வேலையை விட்டுவிட்டு வியாபாரப் பொறுப்பை எடுத்துக்கொண்ட பிறகுதான் அவரால் மேசையில் உட்கார முடிந்தது. 55 இதழில், 1300 பக்கத்துக்கு மேல், 2004-ல் கதை முடிந்தது. உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால், ஞாயிற்றுக்கிழமை முழுதும் பார்சலும் கணக்கும், மற்ற நாள்களில் அவற்றைத் தொடுவதில்லை என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 10: மிச்சக் கட்டுகளும் அடுத்த இதழும்

விற்காத கட்டுகளைத் தரையில் வைக்காதீர்கள். பலகை போட்டு, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி. சுவரோடு ஒட்டியிருந்தால் ஐப்பசி மழையில் ஈரம் ஏறும், பின் துருப்பிடிக்கும், பிறகு கரையான் வரும். மாதம் ஒருமுறை அடிக்கட்டைத் தூக்கிப் பாருங்கள். தூக்கும்போது முழங்காலை மடக்குங்கள்; காகிதக் கட்டு பார்வைக்குச் சின்னது, கனத்துக்குக் கல்.

ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, யாருக்கு, எத்தனை, வந்த பணம் என்று நான்கு பத்தி போட்டு எழுதிவாருங்கள். இதழ் வந்து ஆறு மாதம் கழித்து அதைப் பாருங்கள்.

- 180-க்கு மேல் போயிருந்தால்: அடுத்த இதழும் 300.
- 100 முதல் 180 வரை: அடுத்தது 150. கதையை மாற்ற வேண்டாம். அட்டையை மாற்றிப் பாருங்கள்.
- 100-க்குக் கீழே: வேலையை விடாமல் இருந்ததற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டு, அடுத்த கதையை 16 பக்கத்தில், ஜெராக்ஸ் கடையில், 60 பிரதி போடுங்கள்.

எந்தக் கணக்கு வந்தாலும் பத்துப் பிரதியைத் தனியாகக் கட்டி, 'விற்பனைக்கு அல்ல' என்று எழுதிவிடுங்கள். டேவ் சிம் பழைய இதழ்களைத் தொலைபேசி டைரக்டரி தடிமனில் தொகுத்துத் தன் வாசகர்களுக்கு நேராக விற்றார். ஜெஃப் ஸ்மித்தின் கறுப்பு வெள்ளைப் பக்கங்கள் 2005 முதல் ஸ்கலாஸ்டிக் வெளியீடாக வண்ணத்தில் வந்தன. நான்கு இதழ் சேர்ந்ததும் உங்களிடமும் ஒருவர் தொகுப்பு கேட்பார். அன்றைக்கு அசல் தாள்களும், கர்வ் செய்யாத கோப்புகளும், கறை படாத ஒரு பிரதியும் எந்தப் பெட்டியில் இருக்கின்றன என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் இப்போதே எழுதிவையுங்கள்.